சிஆர்பி குறைவாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் ஆன்டிபயாடிக்?

புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. அவசரமாக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், ரிப்போர்ட் வருவதற்கு முன்பே டிரிப்ஸில் ஆன்டிபயாடிக் ஏறத் தொடங்கிவிடுகிறது. ஒரு மணி நேரம் கழித்து வரும் ரிப்போர்ட்டில் சிஆர்பி (தொற்றோ காயமோ வந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) 8 என்று இருக்கிறது, பக்கத்திலேயே 'இயல்பு: 10க்குள்' என்றும் அச்சாகியிருக்கிறது. பெற்றோருக்குக் குழப்பம் வருவது இயற்கை. தொற்று இல்லை என்று ரத்தமே சொல்கிறதே, அப்புறம் ஏன் மருந்தை நிறுத்தவில்லை?

இன்னொரு பக்கம், பாக்டீரியா தொற்றை ரத்தத்திலிருந்து சீக்கிரமே கண்டுபிடிக்கும் புதிய சோதனைகள் பற்றிச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவ்வளவு நல்ல சோதனைகள் இருந்தால் காய்ச்சல் வந்த குழந்தை எல்லோருக்கும் ஏன் இன்னும் ஆன்டிபயாடிக் போடுகிறார்கள் என்ற கேள்வியும் நியாயமானதுதான். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

இந்தக் காய்ச்சல் ஏன் வேறு மாதிரியானது

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் என்று ஒரு வகை உண்டு. பாக்டீரியா உள்ளே நுழைந்தால் முதலில் ஓடிப்போய் அதை விழுங்குவது இந்த அணுக்கள்தான். இவற்றின் ஆயுள் மிகக் குறைவு, ரத்தத்தில் ஒரு நாள் அளவுக்குத்தான் சுற்றும். அதனால் எலும்பு மஜ்ஜை ஓய்வில்லாமல் புதிதாக உற்பத்தி செய்துகொண்டே இருக்க வேண்டும். கீமோ மருந்துகளின் வேலையோ வேகமாகப் பெருகும் செல்களை அழிப்பது. புற்றுநோய் செல்லோடு சேர்ந்து மஜ்ஜையும் அடிவாங்குகிறது. பல மருந்துத் திட்டங்களில் கீமோ முடிந்து சுமார் 7 முதல் 14 நாட்களுக்குள் நியூட்ரோபில் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும்.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோபில் 500க்குக் கீழே இருந்தால், அல்லது அடுத்த 48 மணி நேரத்தில் அப்படி இறங்கும் என்று எதிர்பார்த்தால், அந்த நிலையில் வரும் காய்ச்சலை மருத்துவர்கள் 'ஃபெப்ரைல் நியூட்ரோபீனியா' என்று சொல்கிறார்கள். எத்தனை டிகிரியைக் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்வது என்பது மையத்துக்கு மையம் கொஞ்சம் மாறும். பரவலாகப் பயன்படும் ஒரு வரையறை: ஒரே ஒரு தடவை 38.3 டிகிரி செல்சியஸ் (101 பாரன்ஹீட்) வந்தாலும் காய்ச்சல், அல்லது 38.0 டிகிரி (100.4 பாரன்ஹீட்) ஒரு மணி நேரம் நீடித்தாலும் காய்ச்சல்.

நியூட்ரோபில் இல்லாவிட்டால் தொற்று வேகமாகப் பரவும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் உண்டு: தொற்றின் அடையாளங்களும் மறைந்துவிடும். சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோபில்கள்தான். அவை இல்லாத குழந்தைக்குச் சீழ் பிடிக்காது, மருந்து ஏற்றும் லைன் (குழாய்) போட்ட இடம் பெரிதாகச் சிவக்காது, நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே ஏறக்குறைய சுத்தமாகத் தெரியலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும் ஒரே அடையாளம்.

பாக்டீரியா எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் குழந்தையின் உடம்பிலிருந்தே. கீமோவால் வாயிலும் குடலிலும் உள்தோல் புண்ணாகிவிடுகிறது, அங்கே எப்போதும் இருக்கும் ஈ. கோலை, கிளெப்சியெல்லா, விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரியான கிருமிகள் அந்த வழியே ரத்தத்துக்குள் புகுந்துவிடுகின்றன. மார்பில் வைத்திருக்கும் சென்ட்ரல் லைன் அல்லது போர்ட் வழியாகத் தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் உள்ளே போகும். சூடோமோனாஸ் என்று ஒன்று இருக்கிறது, அது ரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்திலேயே குழந்தையின் ரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும். காய்ச்சலோடு வந்த குழந்தைக்கு 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் போட வேண்டும் என்று பல மையங்கள் இலக்கு வைத்திருப்பது இந்தப் பயத்தால்தான். அந்த வேகத்துக்குப் பலன் இருக்கிறது. வசதியுள்ள மையங்களில் இந்தக் காய்ச்சலால் நேரும் இறப்பு இன்று 100க்கு 1 அல்லது அதற்கும் கீழே வந்திருக்கிறது.

ஆனால் இப்படிக் காய்ச்சலோடு வரும் குழந்தைகளில் எல்லோருக்கும் பாக்டீரியா தொற்று இருப்பதில்லை. ரத்தத்தில் பாக்டீரியா இருப்பது உறுதியாவது 100 காய்ச்சலில் சுமார் 10 முதல் 20 வரைதான். மற்றவற்றில் நிறைய வைரஸ் காய்ச்சல், சில மருந்தால் வருபவை, சில கடைசிவரை காரணமே தெரியாமல் போய்விடுபவை. அந்த 80, 90 பேருக்கும் மருத்துவமனை வாசம், நாள் கணக்கில் ஆன்டிபயாடிக், அதனால் வயிற்றுப்போக்கு, பூஞ்சைத் தொற்று, மருந்துக்கு அடங்காத கிருமிகள் குடலில் குடியேறுவது என்று எல்லாமே உண்டு. தேவைப்படுகிறவர் யார், தேவைப்படாதவர் யார் என்று பிரித்துச் சொல்லும் சோதனைக்கு இவ்வளவு ஏக்கம் இருப்பது இதனால்தான்.

பிளட் கல்ச்சர் இருக்கிறதே?

இருக்கிறது, இன்றும் இறுதித் தீர்ப்பு அதுதான். ரத்தத்தைச் சத்துள்ள திரவத்தில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வளர்ந்தால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது வரை தெரியும். ஆனால் வளர்வதற்கு நேரம் வேண்டும். பாசிட்டிவ் ஆகிறவற்றில் பெரும்பாலானவை முதல் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் ஆகிவிடும், அதுவரை நம்பிக்கையோடு 'நெகட்டிவ்' என்று சொல்ல முடியாது. சின்னக் குழந்தையிடம் எடுக்கும் ரத்தமும் குறைவு, ரத்தம் குறைந்தால் கிருமி சிக்கும் வாய்ப்பும் குறையும். ஏற்கெனவே ஆன்டிபயாடிக் போட்டபின் எடுத்தால் இன்னும் மோசம்.

ஆக 60 நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும், கல்ச்சர் பேச 36 மணி நேரம் ஆகும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பயோமார்க்கர்கள், அதாவது உயிர்க்குறிப்பான்கள்.

குறிப்பான் காட்டுவது கிருமியை அல்ல

சிஆர்பி, புரோகால்சிட்டோனின், இன்டர்லூகின் எல்லாமே நம் உடம்பு தயாரிக்கும் பொருட்கள். கிருமி வந்ததற்கு உடம்பு என்ன செய்தது என்பதைத்தான் இவை காட்டுகின்றன. வீட்டுக்குள் திருடன் வந்தானா என்று நேரில் பார்க்காமல், நாய் எவ்வளவு குரைத்தது என்று வைத்துக் கணிப்பது மாதிரி. நாய் பூனையைப் பார்த்தும் குரைக்கும், திருடன் சுவரேறும் அந்த முதல் நிமிடத்தில் குரைக்காமலும் இருக்கும். கீழே சொல்லப்போகும் சிக்கல்கள் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருகின்றன.

மற்ற குழந்தைகளுக்கு எளிதாகப் பார்க்கும் ஒரு தடயம், மொத்த வெள்ளை அணு எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்பது. இங்கே அதற்கு வழியில்லை, ஏறுவதற்கு அணுவே இல்லை. எனவே வெள்ளை அணுவை நம்பியிராமல், கல்லீரலிலோ மற்ற திசுக்களிலோ உருவாகும் பொருட்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

சிஆர்பி: பழையது, மலிவானது, மெதுவானது

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் இருவரும் 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நியூமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு இது ஒட்டிக்கொண்டு படிந்தது, அதனால்தான் சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்று பெயர்.

இதைத் தயாரிப்பது கல்லீரல். ஆனால் கல்லீரல் தானாக ஆரம்பிக்காது. தொற்றோ காயமோ ஏற்பட்ட இடத்திலிருந்து இன்டர்லூகின்-6 என்ற செய்தி மூலக்கூறு வர வேண்டும், அதன்பிறகே உற்பத்தி தொடங்கும். இந்தச் சங்கிலிக்கு நேரம் பிடிக்கிறது. தூண்டுதல் வந்து சுமார் 6 மணி நேரம் கழித்து ரத்தத்தில் ஏற ஆரம்பிக்கும், பிறகு ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும், உச்சம் தொடுவது 36 மணி நேரத்துக்குப் பிறகு. தூண்டுதல் நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்பலாம். பெற்றோர் விழிப்பாக இருந்து, காய்ச்சல் வந்த அரை மணி நேரத்தில் குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா ரத்தத்தில் கலந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. அப்போது எடுத்த ரத்தத்தில் சிஆர்பி 8 என்றுதான் வரும், கல்லீரல் இன்னும் வேலையையே தொடங்கவில்லை. அதே குழந்தைக்கு இரண்டு நாள் கழித்து 140 வரலாம். முதல் நாள் வந்த 8 பொய் இல்லை, அது கேட்ட நேரம்தான் சீக்கிரம். சீக்கிரம் வந்த குழந்தைக்குத்தான் முதல் சிஆர்பி அதிகம் ஏமாற்றும் என்பதை எல்லாப் பெற்றோரிடமும் முதல் நாளே சொல்லிவிட்டால் எவ்வளவோ குழப்பம் குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. வாய்ப்புண், அறுவை சிகிச்சை, ரத்தம் ஏற்றியதால் வரும் எதிர்வினை, ஹாட்ஜ்கின் லிம்போமா மாதிரி தானே அழற்சியைத் தூண்டும் கட்டிகள் எல்லாமே பாக்டீரியா இல்லாமலேயே சிஆர்பியை ஏற்றிவிடும்.

புரோகால்சிட்டோனின்: வேகம் கூடியது

கால்சிட்டோனின் என்பது தைராய்டு சுரப்பியில் உள்ள சி செல்கள் சுரக்கும் ஹார்மோன். அது முழு வடிவம் பெறுவதற்கு முந்தைய நிலைதான் புரோகால்சிட்டோனின், 116 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. நலமாக இருக்கும்போது இது தைராய்டைத் தாண்டி ரத்தத்துக்கு வருவதே அரிது, ஒரு மில்லிலிட்டரில் 0.05 நானோகிராமுக்கும் கீழேதான் இருக்கும். கடும் பாக்டீரியா தொற்று வந்தால் கல்லீரல், நுரையீரல், கொழுப்புத் திசு என்று உடம்பின் பல இடங்களும் இதை உற்பத்தி செய்து கொட்டுகின்றன. 1993இல் பிரான்ஸில் ஒரு குழு, பாக்டீரியா தொற்று முற்றிய குழந்தைகளுக்கு இது பல மடங்கு ஏறுவதையும் வைரஸ் தொற்றில் அவ்வளவு ஏறாததையும் பதிவு செய்தது. அதன்பிறகுதான் இதை ஒரு சோதனையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இதில் இரண்டு நல்ல குணங்கள். ஒன்று வேகம்: 3, 4 மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கி, ஒரு நாளுக்குள் உச்சம் தொட்டுவிடும், அப்புறம் தினமும் ஏறக்குறைய பாதியாக இறங்கும். இரண்டாவது, வைரஸ் தொற்றில் உடம்பு வெளியிடும் இன்டர்ஃபெரான்-காமா என்ற பொருள் இதன் உற்பத்தியை அமுக்கிவிடுகிறது. அதனால் பாக்டீரியாவா வைரஸா என்று பிரிப்பதில் இது பொதுவாக சிஆர்பியைவிட ஒரு படி மேல். முக்கிய ஆதாரம் நியூட்ரோபில் இல்லை என்பதால் அவை காலியான குழந்தைக்கும் இது ஏறும்.

குறைகளும் உண்டு. ஈ. கோலை மாதிரி கிராம்-நெகட்டிவ் வகைக் கிருமி ரத்தத்தில் இருந்தால் நன்றாக ஏறும். சென்ட்ரல் லைனில் ஒட்டிக்கொண்டிருக்கும் கோஆகுலேஸ்-நெகட்டிவ் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்றால் சொற்பமாகத்தான் ஏறும், சில நேரம் அசையவே அசையாது. புற்றுநோய்க் குழந்தைகளில் அடிக்கடி பார்க்கும் கிருமிகளில் இது ஒன்று என்பதால் இந்தக் குறை சின்னது அல்ல. பூஞ்சைத் தொற்றிலும் ஏற்றம் மிதமாகத்தான் இருக்கும்.

இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8

இவை சங்கிலியில் இன்னும் மேலே இருப்பவை. கிருமியைப் பார்த்த செல்கள் முதலில் எழுப்பும் குரலே இதுதான், ஓரிரு மணி நேரத்தில் உச்சம் போய்விடும். இன்டர்லூகின்-8 முக்கியமாக நியூட்ரோபில்களை வரவழைக்கும் அழைப்பு. அதை எழுப்புவது மோனோசைட் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களும் ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களும், எனவே நியூட்ரோபில் இல்லாவிட்டாலும் அழைப்பு கேட்கும். காய்ச்சல் வந்த முதல் மணி நேரத்தில் பயன்படக்கூடியது எது என்று கேட்டால் கோட்பாட்டளவில் இவைதான். சிக்கல், ஏறிய வேகத்திலேயே இறங்கியும் விடுகின்றன. கொஞ்சம் தாமதமாக வந்த குழந்தைக்கு உச்சம் தாண்டிப்போயிருக்கலாம். எல்லா ஆய்வகத்திலும் இரவு பகலாகச் செய்யும் சோதனையாகவும் இவை இல்லை.

எண்ணைக் குழப்பும் மருந்துகள்

மற்ற குழந்தைகளுக்குப் போட்ட கணக்கை இங்கே அப்படியே எடுத்துவர முடியாததற்கு இது பெரிய காரணம்.

1. சைட்டரபின். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இந்த மருந்தே காய்ச்சலையும் வரவழைக்கும், சிஆர்பியையும் ஏற்றும். 'மருந்துக் காய்ச்சல்தான்' என்று விட்டுவிடலாமா? முடியாது. இதே மருந்தின் அதிக அளவுதான் வாய்ப்புண்ணையும் கொண்டுவருகிறது, அந்த வழியே விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ரத்தத்தில் கலந்து குழந்தையை ஷாக் நிலைக்குக் கொண்டுபோன அனுபவம் ஏஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய் வகையின் சிகிச்சையில் நிறைய உண்டு. ஒரே மருந்து, ஒரே காய்ச்சல், ஒன்று ஆபத்தில்லாதது, மற்றொன்று உயிரை எடுப்பது, எண் இரண்டிலும் உயர்ந்தே இருக்கும்.

2. ஏடிஜி, அலெம்டுசுமாப் மாதிரியான, டி செல்களை (நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை) அழிக்கும் மருந்துகள். எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குத் தயாராகும்போது கொடுப்பார்கள். தொற்று எதுவும் இல்லாமலேயே புரோகால்சிட்டோனினைப் பல மடங்கு ஏற்றிவிடும்.

3. ஸ்டீராய்டு. காய்ச்சலையே மறைத்துவிடும். லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) சிகிச்சையின் தொடக்க வாரங்களில் டெக்சாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ எடுக்கும் குழந்தை, காய்ச்சல் இல்லாமல் சோர்ந்து கிடந்தாலும் மருத்துவர்கள் பதறுவது இதனால்.

4. கார்-டி செல் சிகிச்சை, அதாவது நோயாளியின் டி செல்களையே புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றுவது. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் பி செல் லுகேமியாவுக்கு முதல் கார்-டி சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2017இல் அனுமதி கிடைத்தது. இதில் சைட்டோகைன் (இன்டர்லூகின் மாதிரியான செய்தி மூலக்கூறுகள்) வெள்ளம் என்று ஒரு விளைவு வரும்: கடும் காய்ச்சல், சிஆர்பி நூற்றுக்கணக்கில், இன்டர்லூகின்-6 உச்சத்தில். பார்த்தால் அச்சு அசல் செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தான நிலை. அதை அடக்க டோசிலிசுமாப் போட்டால் நிலைமை தலைகீழாகிறது. அந்த மருந்து இன்டர்லூகின்-6 போய் ஒட்டும் இடத்தையே அடைத்துவிடுகிறது, கல்லீரலுக்குச் செய்தி போகாது, சிஆர்பி சரிந்துவிடும். அந்த நாட்களில் தொற்றே வந்தாலும் சிஆர்பி குறைவாகத்தான் காட்டும். ஒட்ட இடமில்லாத இன்டர்லூகின்-6 ரத்தத்தில் தேங்கி, அதன் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

1000 காய்ச்சல் கணக்கு

ஒரு சோதனை நல்லதா என்று சொல்ல இரண்டு அளவுகள் உண்டு. உண்மையிலேயே தொற்று இருக்கிறவர்களில் எத்தனை பேரை அது பிடிக்கிறது என்பது உணர்திறன். தொற்று இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக 'இல்லை' என்கிறது என்பது தனித்தன்மை. இரண்டுமே 80 சதவீதம் உள்ள ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை, எந்த ஆய்வின் முடிவும் அல்ல.

1. காய்ச்சல் 1000. அவற்றில் 200இல் உண்மையான பாக்டீரியா தொற்று, 800இல் இல்லை.

2. தொற்றுள்ள 200இல் 160ஐச் சோதனை பிடிக்கிறது, 40ஐத் தவறவிடுகிறது.

3. தொற்றில்லாத 800இல் 640ஐ 'இல்லை' என்று சரியாகச் சொல்கிறது, 160ஐத் தவறாக 'இருக்கிறது' என்கிறது.

4. 'இல்லை' என்று வந்தவர்கள் மொத்தம் 680. அவர்களில் 40 பேருக்குத் தொற்று உண்டு. அதாவது 17க்கு ஒருவர்.

80 சதவீதம் என்பது செய்தியில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நியூட்ரோபில் இல்லாத 17 குழந்தைகளை 'ஒன்றுமில்லை' என்று ஆன்டிபயாடிக் இல்லாமல் வைத்திருந்தால், அவர்களில் ஒருவரின் ரத்தத்தில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும். எந்த மருத்துவரும் அதற்குத் துணிய மாட்டார், துணியவும் கூடாது.

சரி, வெட்டு எல்லையைக் கீழே இறக்கினால்? அதாவது சிஆர்பி கொஞ்சம் ஏறியிருந்தாலே பாசிட்டிவ் என்று வைத்தால்? உணர்திறன் 95க்கு ஏறும், தனித்தன்மை 40க்கு விழும் என்று வைப்போம். இப்போது தவறவிடுவது 10 பேரைத்தான். ஆனால் 'இல்லை' என்று சொல்வதே 330 பேருக்குத்தான், தொற்றில்லாத 480 குழந்தைகள் பாசிட்டிவ் பக்கம் போய்விட்டார்கள். அந்த 330 பேரிலும் 33க்கு ஒருவருக்குத் தொற்று இருக்கிறது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கிழிகிறது, எல்லையை எங்கே வைத்தாலும் ஒரே ஒரு எண்ணை நம்பி மருந்தைத் தொடங்காமல் இருக்கும் அளவுக்கு இன்றைய குறிப்பான்கள் எதுவும் வளரவில்லை.

அப்படியானால் எதற்கு எடுக்கிறார்கள்?

மருந்தைத் தொடங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இவை உதவுவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். தொடங்கியபின் வரும் கேள்விகளுக்கு உதவும்: எந்தக் குழந்தையைக் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும், யாரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பலாம், மருந்தை எப்போது நிறுத்தலாம்.

அதிலும் தனியாக இல்லை, மற்ற தடயங்களோடு சேர்த்துத்தான். இதற்கு நல்ல உதாரணம் சிலியில் மரியா எலேனா சாண்டோலாயா தலைமையில் உருவாகி 2001இல் வெளியான விதி. காய்ச்சலோடு வரும் குழந்தைக்குக் கடும் பாக்டீரியா தொற்று இருக்கும் அபாயத்தை அவர்கள் ஐந்து விஷயங்களை வைத்துக் கணித்தார்கள்: சிஆர்பி லிட்டருக்கு 90 மில்லிகிராமோ அதற்கு மேலோ, ரத்த அழுத்தம் குறைந்திருப்பது, திரும்பி வந்த லுகேமியா, பிளேட்லெட் 50,000 அல்லது அதற்குக் கீழ், கடைசி கீமோ முடிந்து 7 நாளுக்குள் இருப்பது. இங்கே சிஆர்பி ஐந்தில் ஒன்று, அவ்வளவுதான். எல்லை 90 என்பதையும் கவனியுங்கள், ரிப்போர்ட் தாளில் அச்சாகியிருக்கும் 10 இல்லை.

பிக்னிக் என்ற பன்னாட்டுக் கூட்டு முயற்சி இன்னும் பெரிதாகப் போனது. 15 நாடுகளின் 22 ஆய்வுகளிலிருந்து 3504 குழந்தைகளின் 5127 காய்ச்சல்களை ஒன்றுசேர்த்து 2016இல் ஒரு கணிப்பு முறையை வெளியிட்டார்கள். அதில் இருப்பவை கட்டியின் வகை, உடல் வெப்பம், குழந்தை பார்ப்பதற்கு மிகவும் சுகமில்லாமல் இருக்கிறதா என்பது, ஹீமோகுளோபின், வெள்ளை அணு, மோனோசைட் எண்ணிக்கை. விலை உயர்ந்த குறிப்பான் ஒன்றுகூட இல்லை. அனுபவமுள்ள ஒருவர் குழந்தையைப் பார்த்து 'இது சரியில்லை' என்று சொல்வதும் ஒரு தரவாகக் கணக்கில் ஏறியிருக்கிறது, எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

நிறுத்துவது பற்றி: தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பெரியவர்களிடம் நெதர்லாந்தில் நடந்து 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், புரோகால்சிட்டோனின் உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ 0.5க்கு வந்தாலோ ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம் என்று ஆலோசனை சொன்னார்கள். மருந்து நாட்கள் குறைந்தன, இறப்பு கூடவில்லை, குறையவே செய்தது. ஆனால் எதிர்ப்பு ஆற்றல் மிகவும் குறைந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை, நம் குழந்தைகள் அந்த வகைதான். பிரிட்டனில் மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளிடம் நடத்திய பேட்ச் (BATCH) என்ற ஆய்விலோ, வழக்கமான பராமரிப்போடு புரோகால்சிட்டோனினைச் சேர்த்ததால் ஊசி ஆன்டிபயாடிக் நாட்கள் குறையவில்லை.

இதற்கிடையே விலையே இல்லாத ஒரு வழி முன்னேறியிருக்கிறது. குழந்தைகளின் ஃபெப்ரைல் நியூட்ரோபீனியாவுக்கான பன்னாட்டு வழிகாட்டுதல்கள் 2012இல் வந்தன, 2017இலும் 2023இலும் புதுப்பிக்கப்பட்டன. அபாயம் குறைந்த குழந்தை, 48 மணி நேரக் கல்ச்சர் நெகட்டிவ், 24 மணி நேரமாகக் காய்ச்சல் இல்லை, பார்க்க நன்றாக இருக்கிறது என்றால், நியூட்ரோபில் இன்னும் ஏறாவிட்டாலும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறார்கள். அணு ஏறும்வரை மருந்து ஓட வேண்டும் என்ற பழைய பழக்கத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். இறங்கிக்கொண்டிருக்கும் சிஆர்பியோ புரோகால்சிட்டோனினோ இந்த முடிவுக்குக் கூடுதல் தைரியம் தரும்.

புதிதாக வருபவை

ரத்தத்தில் மிதக்கும் கிருமி டிஎன்ஏ துணுக்குகளை நேரடியாகப் படிப்பது ஒரு வழி. இது உடம்பின் எதிர்வினையைப் பார்க்காமல் கிருமியையே தேடுகிறது, அதனால் மேலே சொன்ன நாய்க் குரைப்புச் சிக்கல் இதில் இல்லை. அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில், புற்றுநோய் திரும்பி வந்த அல்லது சிகிச்சைக்கு அடங்காத குழந்தைகளிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வில், காய்ச்சல் வருவதற்குச் சில நாட்கள் முன்பே பலருடைய ரத்தத்தில் அந்தக் கிருமியின் டிஎன்ஏ தெரிந்தது. சிறிய ஆய்வுதான், என்றாலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தடை இரண்டு: முடிவு வர ஒரு நாளுக்கு மேல் ஆகலாம், அப்புறம் குடல் புண்ணான குழந்தையின் ரத்தத்தில் நோய் உண்டாக்காத கிருமிகளின் துணுக்குகளும் கசிந்திருக்கும், எதை எடுப்பது எதை விடுவது என்று பிரிக்க வேண்டும்.

இன்னொன்று மரபணு செயல்பாட்டைப் பார்ப்பது. ஐஎஃப்ஐ44எல், எஃப்ஏஎம்89ஏ என்ற இரண்டே மரபணுக்களின் அளவை வைத்து, காய்ச்சல் வந்த குழந்தைக்கு பாக்டீரியாவா வைரஸா என்று பிரிக்கலாம் என 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. அழகான வேலை. ஆனால் அந்தச் செயல்பாட்டை அளப்பது பெரும்பாலும் வெள்ளை அணுக்களிலிருந்து. அணுவே சொற்பமாக இருக்கும் குழந்தையிடம் இது எவ்வளவு தாங்கும் என்பதைத் தனியாகச் சோதிக்காமல் இங்கே கொண்டுவர முடியாது.

செய்தியையும் ரிப்போர்ட்டையும் படிக்கும்போது

புதிய சோதனை பற்றிச் செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, யாரிடம் சோதித்தார்கள் என்பது. கீமோவில் இருக்கும் குழந்தைகளிடமா, பொதுவாகக் காய்ச்சல் வந்த குழந்தைகளிடமா? இரண்டாவது என்றால் அது வேறு கதை. அடுத்து, ரத்தம் காய்ச்சல் வந்து எத்தனை மணி நேரத்தில் எடுக்கப்பட்டது. மூன்றாவது, 'நெகட்டிவ்' என்று வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று இருந்தது. கடைசிக் கேள்வி செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டிருக்கும், பதில் மூல ஆய்வின் அட்டவணையில் இருக்கும்.

ரிப்போர்ட்டில் ஒற்றை எண்ணைவிட அது போகும் திசைக்கே மதிப்பு அதிகம். முதல் நாள் 20, இரண்டாம் நாள் 110, மூன்றாம் நாள் 95, நான்காம் நாள் 50 என்று போனால் அது நல்ல பாதை, இரண்டாம் நாள் 110ஐப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று கலங்க வேண்டியதில்லை, சிஆர்பி எப்போதும் ஒரு நாள் பின்னால்தான் வரும். ஐந்தாம் நாள் மறுபடி ஏறினால் அப்போது கேளுங்கள்: லைன் கல்ச்சர் திரும்ப எடுக்க வேண்டுமா, பூஞ்சைக்குப் பார்க்க வேண்டுமா என்று.

வீட்டிலிருந்தே விரலில் ஒரு சொட்டு ரத்தம் குத்திப் பார்க்கும் சிஆர்பி கருவிகள் இப்போது கிடைக்கின்றன. கீமோவில் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தவுடன் அதில் பார்த்து, குறைவாக இருக்கிறது, காலை வரை பொறுக்கலாம் என்று முடிவெடுக்காதீர்கள். அந்தக் கருவி சரியாகவே அளந்திருக்கும். உங்கள் குழந்தையின் கல்லீரல் அந்தச் செய்தியைப் பெறுவதற்கு இன்னும் நான்கு மணி நேரம் இருக்கலாம். தெர்மாமீட்டரில் உங்கள் மையம் சொன்ன எண்ணைத் தாண்டிவிட்டால் உடனே அவர்களைக் கூப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், காய்ச்சல் எப்போது தொடங்கியது, கடைசி கீமோ எந்தத் தேதி, என்ன மருந்து என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், போய்ச் சேர்ந்ததும் முதலில் கேட்கப்படும் கேள்விகள் இவைதான்.